பழகப் பழகக் கிருமி சாந்தமாகிவிடுமா?

சேரன்மகாதேவிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார், கல்லூரி முடித்த கொழுந்தன், ஆறு வயது மகன், மூன்று வயது மகள். மாமியாரை ‘அத்தை’ என்றே எழுதுகிறார். அத்தை இளவயதிலிருந்து பீடி சுற்றுகிறவர். போன வருடம் சளியில் காசநோய் என்று தெரிந்து அரசு மருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாதம் இருமல் நின்றது, பசி எடுத்தது, மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது நாலைந்து மாதம் கழித்து மறுபடி இருமல், சாயங்காலமானால் மேலுக்குக் காய்ச்சல், உடம்பும் இளைக்கிறது. பழைய மாத்திரை இரண்டு அட்டை பீரோவில் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னபடி ஆடாதோடைக் கஷாயம் நடக்கிறது. அத்தையைப் பின்னால் உள்ள பழைய தொழுவத்துக்கு மாற்றிவிடச் சொல்லிக் கணவர் போனில் வற்புறுத்துகிறார். விஷயம் தெரிந்தால் பீடிக்கடையில் இலையும் தூளும் கொடுக்கமாட்டார்களோ என்று அத்தைக்குப் பயம்.

மகனுக்கு ஐந்து வயதுக்குப் பிறகு போட வேண்டிய முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியா, கக்குவான் இருமல், ரண ஜன்னி என்ற டெட்டனஸ் மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) விட்டுப்போயிருக்கிறது. சுகாதார செவிலியர் வந்து கூப்பிட்டபோது கொழுந்தன் தடுத்துவிட்டார். அவர் வாதத்தைக் கடிதத்தில் அப்படியே தந்திருக்கிறார்: “மைனி, குடியிருக்கிற வீட்டை எவனாவது கொளுத்துவானா? நாம செத்தா கிருமிக்கும் சாவுதான். அதனால பழகப் பழக அதுவே சாந்தமாயிரும். ஆஸ்திரேலியாவுல முயலுக்கு வந்த நோய் அப்படித்தான் ஆச்சு, கொரோனாவும் அப்படித்தான் ஆச்சு. ஊசி போடப்போடத்தான் கிருமிக்கு வெறி ஏறும்.”

“இதில் எது உண்மை? நான் என்ன செய்ய?” என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பீரோவில் இருக்கும் அந்த இரண்டு அட்டையை அத்தை தொட வேண்டாம். இந்த வாரமே அவரை முன்பு மருந்து வாங்கிய அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். “நடுவில் நிறுத்திவிட்டோம், மறுபடி இருமல்” என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று தயங்க வேண்டாம். நிறுத்தியவர்கள் திரும்பி வருவது அங்கே தினமும் நடப்பதுதான், திரும்பி வந்தால் சந்தோஷப்படுகிறவர்களே அதிகம். ஏன் இந்த அவசரம் என்பது உங்கள் கொழுந்தனின் கேள்வியோடு சேர்ந்தது. அதனால் அவருக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு அத்தையிடம் திரும்புகிறேன்.

வீட்டைக் கொளுத்தும் குடித்தனக்காரன்

உங்கள் கொழுந்தன் சொன்னது அவராகக் கட்டிய கதை இல்லை. மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் அதை நம்பியது. தியோபால்ட் ஸ்மித் என்ற அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் நூறு வருடத்துக்கு முன்னால் இந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். கிருமியும் அது தங்கும் உடலும் நெடுங்காலம் சேர்ந்திருந்தால் சமாதானம் வந்துவிடும், கொடிய நோய் என்றால் அது புதுசாக வந்த நோய் என்று அப்போது சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு ஓட்டை உண்டு.

கிருமிக்குத் திட்டம் கிடையாது, இது முதலாவது. “இந்த ஆளைக் கொன்றுவிட்டால் நமக்கு நஷ்டம்” என்று எந்தக் கிருமியும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு நோயாளி உடம்பில் கோடிக்கணக்கில் பெருகும்போது சில சற்று மாறிப் பிறக்கும். எந்த மாற்றம் அடுத்த ஆளிடம் அதிகமாகப் போய்ச் சேருகிறதோ அந்த வகை ஊரில் மிஞ்சும். நடப்பது அவ்வளவுதான். ஒரே உடம்பில் இரண்டு வகை இருந்தால் வேகமாகப் பெருகும் முரட்டு வகை மற்றதை ஓரம்கட்டிவிடுவதும் உண்டு. அந்த உடம்புக்கு அதனால் என்ன ஆகும் என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

இரண்டாவது ஓட்டைதான் பெரியது. குடியிருக்கும் வீடு எரிந்தாலும், அதற்குள் பிள்ளைகளைப் பத்து வீட்டில் குடியேற்றிவிட்ட குடித்தனக்காரனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு கிருமியின் வெற்றி என்பது ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை பேருக்கு அது போகிறது என்பதுதான். தினமும் எவ்வளவு பரவுகிறது, எத்தனை நாள் பரவ முடிகிறது என்ற இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். ரொம்பச் சாதுவாக இருந்தால் நாள் அதிகம் கிடைக்கும், ஆனால் பரவுவது குறையும், உடம்பும் சீக்கிரம் விரட்டிவிடும். ரொம்ப முரடாக இருந்தால் ஆள் சீக்கிரம் போய்விடுவார். எந்த அளவு கொடுமை கிருமிக்கு லாபம் என்பது அது பரவும் வழியைப் பொறுத்தது. 1980களின் தொடக்கத்தில் ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் கணிதமாக எழுதிக் காட்டிய பிறகு, ‘காலம் போனால் சாந்தம்’ என்ற பழைய பாடம் ஆட்டம் கண்டது.

அந்த முயல் கதையையும் உங்கள் கொழுந்தன் பாதியில் நிறுத்திவிட்டார். பயிரை அழித்த முயல்களைக் கட்டுப்படுத்த ஆஸ்திரேலியாவில் 1950ல் மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். தொடக்கத்தில் நோய் கண்ட நூறு முயலில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் செத்தன. சில வருடங்களில் அதைவிட வீரியம் குறைந்த வகைகள் பரவின, அது உண்மை. ஃப்ராங்க் ஃபென்னர் என்ற விஞ்ஞானி அவற்றைச் சேகரித்துச் சோதித்தார். அதிகம் பரவியிருந்த வகைகள் எவ்வளவு ‘சாந்தம்’ தெரியுமா? நூற்றுக்கு எழுபதிலிருந்து தொண்ணூற்றைந்து முயலைக் கொல்லும் அளவு. முயலில் இந்த நோயைக் கொண்டுபோவது பெரும்பாலும் கொசு. தோலில் புண் அதிகமாகவும் அதிக நாளும் இருந்தால்தான் கொசு வாயில் வைரஸ் ஒட்டும். நிஜமாகவே சாதுவான வகையில் புண் சீக்கிரம் ஆறிவிடுவதால் அது தோற்றுப்போனது. அப்புறம், பிழைத்த முயல்களின் குட்டிகள் எதிர்ப்புச் சக்தியோடு பிறந்தன. அதற்கு ஈடுகொடுத்து வைரஸும் மறுபடி வீரியம் கூட்டிக்கொண்டது. முயலினம் பழகிக்கொண்டதற்குக் கொடுத்த விலை அந்தத் தொண்ணூற்றொன்பது முயல்கள். நம் வீட்டுப் பிள்ளை விஷயத்தில் அந்த விலையை யோசிக்கவே முடியாது.

கொரோனா பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் யாரும் ‘சாந்தமாகிக்கொண்டே வந்தது’ என்று சொல்லமாட்டார்கள். டெல்டா அதற்கு முந்தையதைவிடக் கடுமையானது. பின்னால் வந்த ஒமிக்ரான் டெல்டாவின் வாரிசு இல்லை, வேறு கிளை. அது வந்து சேரும்போது நம்மில் பெரும்பாலானோர் ஊசியாலோ ஏற்கெனவே வந்துபோன நோயாலோ ஓரளவு தயாராக இருந்தோம். நோய் லேசாகத் தெரிந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பாக்டீரியாக்கள் என்ன செய்கின்றன?

முயல் நோயும் கொரோனாவும் வைரஸால் வந்தவை. உங்கள் வீட்டுப் பிரச்சினைகளான காசநோயும், முத்தடுப்பு ஊசி தடுக்கும் நோய்களும் பாக்டீரியாவால் வருபவை. அத்தையின் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய்க் கிருமி மனிதரோடு பல ஆயிரம் வருடமாக இருக்கிறது. இதற்குமேல் பழக என்ன இருக்கிறது? ஆனாலும் சாந்தமாகவில்லை. காரணம், அது அடுத்த ஆளிடம் போக இருமல் வேண்டும். இருமலில் கிருமி வெளியே வர நுரையீரல் அரித்துக் குழி விழ வேண்டும். நமக்கு நோயாகத் தெரிவதுதான் அதற்குப் பாதை. தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் வராமலே போகலாம், கிருமி உள்ளே சத்தமில்லாமல் கிடக்கும். ஆனால் பரப்புவது நுரையீரல் சிதைந்த அந்தப் பத்தாவது ஆள்தான். மொத்தமாகச் சாதுவாகிவிட்ட காசநோய்க் கிருமிக்கு ஊரில் வழி கிடையாது.

அந்த இனத்தில் சாதுவான ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கால்மெட், கேரன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908ல் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்க்க ஆரம்பித்தார்கள். சில வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றி மாற்றி, 1921 வரை 230 தடவை. முடிவில் அது நோய் தரும் சக்தியை இழந்திருந்தது. அதுதான் பிசிஜி ஊசி. உங்கள் பிள்ளைகளின் இடது தோளில் இருக்கும் தழும்பு அது போட்ட அடையாளம். 1948லிருந்து சென்னை கிண்டியில் அதற்கென்றே ஓர் ஆய்வகம் இருந்தது. நோய் தருவதற்கான மரபணுக்கள் சிலவற்றை அந்தப் பதின்மூன்று வருடத்தில் கிருமி தொலைத்துவிட்டது என்று பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். உருளைக்கிழங்கில் இருந்தவரை ஆளுக்கு ஆள் தாவ வேண்டிய தேவை அதற்கு இல்லை, தேவையில்லாத மரபணு தொலைந்தாலும் நஷ்டமில்லை. மனிதரிடையே சுற்றும் கிருமிக்கு அந்தச் சலுகை கிடையாது.

நேர் எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. கோழி வளர்ப்பவர்கள் சிஆர்டி என்று சொல்லும் சுவாச நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பாக்டீரியாவின் ஒரு வகை கோழியிலிருந்து தாவி, அமெரிக்காவில் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிறு குருவியிடம் 1994 வாக்கில் தென்பட்டது. குருவிக்குக் கண் வீங்கிப் பார்வை மறைந்துவிடும். வருடாவருடம் சேகரித்து வைத்த கிருமிகளைப் பின்னால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது குருவியினத்தில் நிலைத்த பிறகு வீரியம் கூடிக்கொண்டே போயிருப்பது தெரிந்தது. ஒருமுறை நோய் வந்து பிழைத்த குருவிக்கு அரைகுறை எதிர்ப்புச் சக்தி இருக்கும். சாதுவான வகையை அது தடுத்துவிடும், முரட்டு வகை அதையும் மீறி நுழைந்துவிடும். ‘நோய் வந்து தானாகப் பழகட்டும்’ என்று விட்டால் முரட்டு வகைக்கே வழிவிட்டதாகலாம் என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி எனக்குத் தெரியவில்லை.

காலரா பற்றிச் சுவாரசியமான ஒரு வாதம் உண்டு. சளிக்காய்ச்சல் பரவ, நோயாளி எழுந்து நடமாட வேண்டும். காலராவுக்கு அது தேவையில்லை. ஆள் படுக்கையில் கிடந்தாலும் பேதியில் நனைந்த துணியை ஆற்றிலோ வாய்க்காலிலோ அலசினால் போதும், தண்ணீரே சுமந்துகொண்டு போகும். அதனால் ஆளைச் சாய்த்துப்போடுவது அதற்குப் பெரிய நஷ்டமில்லை. குடிநீர் சுத்தமான ஊரில் மட்டும் அந்தக் கணக்கு மாறும் என்கிறார் பால் ஈவால்ட் என்ற பரிணாம அறிஞர். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. ஆனால் காலராவைக் கொடியதாக்கும் நச்சு எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமில்லை. அந்த நச்சை 1959ல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. பாக்டீரியாவையே தொற்றும் ஒரு வைரஸ்தான் அந்த நச்சுக்கான மரபணுவைச் சுமந்து வருகிறது என்று 1996ல் தெரிந்தது. ஆக, சாதுவாக இருந்த ஒரு கிருமி இன்னொன்றிடமிருந்து ஆயுதத்தை ஒரே நாளில் வாங்கிக்கொள்ளவும் முடியும். 1992ல் சென்னையில் திடீரென்று முளைத்த ஓ139 வகைக் காலராவும் இப்படி மரபணு மாற்றிக்கொண்டு வந்ததுதான். பழைய காலராவைத் தாங்கிய பெரியவர்களையும் அது படுக்கவைத்தது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. நாம் வாழ்ந்தாலும் செத்தாலும் அவற்றுக்கு ஒன்றுமில்லை. ரண ஜன்னி தரும் கிருமியின் வீடு மண். எலிக்காய்ச்சல் கிருமியின் வீடு எலியின் சிறுநீரகம். நடவு வயல் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்கும் மனிதர் அதற்கு வழிதவறி நுழைந்த இடம். மழைக்குப் பிந்தைய மாதங்களில் நாம் பார்க்கும் உண்ணிக்காய்ச்சலிலும் அப்படித்தான், அந்தக் கிருமி சிற்றுண்ணியில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. இவை மனிதரிடமிருந்து மனிதருக்குப் போவதில்லை என்பதால் மனிதரிடம் சாந்தமாகப் பழகும் வாய்ப்பே இவற்றுக்குக் கிடையாது. முத்தடுப்பு ஊசி தடுக்கும் மூன்றில் ஒன்று ரண ஜன்னி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டால் வெறி ஏறுமா?

இந்தப் பயத்துக்கும் ஒரு வேர் இருக்கிறது, அதை மறைப்பது சரியில்லை. கோழிகளுக்கு மாரெக் என்ற வைரஸ் நோய் உண்டு. அதற்கான ஊசி கோழியைச் சாகாமல் காக்கும், ஆனால் கிருமி பரவுவதைத் தடுக்காது. ஊசி போடாத கோழியைச் சீக்கிரம் கொன்று தானும் அழிந்துபோகும் கொடிய வகை, ஊசி போட்ட கோழியில் நாள் கணக்கில் வாழ்ந்து பரவ முடிகிறது என்று 2015ல் ஆண்ட்ரூ ரீட் குழுவினர் சோதனையில் காட்டினார்கள். உங்கள் கொழுந்தன் எங்கோ படித்தது இதுவாக இருக்கும். ஆனால் அந்த ஆய்விலேயே, பாதிக்கப்பட்டவை ஊசி போடாத கோழிகள்தான்! அப்படி ஒரு நிலைமை நிஜமாகவே இருந்தால், உங்கள் மகனுக்கு ஊசி இன்னும் அவசியமாகிறது.

தொண்டை அடைப்பான் ஊசியின் கதை வேறு. அந்தக் கிருமியும் காலரா மாதிரிதான். நச்சு மரபணுவைச் சுமந்த வைரஸ் உள்ளே இருந்தால் மட்டுமே அது இந்த நச்சைத் தயாரிக்கும். இதை 1951லேயே கண்டார்கள். தொண்டையில் சாம்பல் நிறத் தோல் படர்ந்து மூச்சை அடைப்பதும், இதயத்தைத் தாக்குவதும் அந்த நச்சுதான். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த அதே நச்சு. ஊசி போட்ட தொண்டையில் கிருமி கஷ்டப்பட்டு நச்சைத் தயாரித்தாலும் பயன் கிடைப்பதில்லை. அதனால் நன்றாக ஊசி போட்ட நாடுகளில் நச்சு தரும் வகைகள்தான் அருகிப்போயின. நிஜத்தில் ஒரு கிருமியைச் சாதுவாக்கிய தடுப்பூசி என்று இதைத் தைரியமாகச் சொல்லலாம். கக்குவான் இருமலில் கொஞ்சம் சிக்கல் உண்டு: வேறு வகை ஊசி போடும் சில நாடுகளில், ஊசி குறிவைக்கும் ஒரு புரதத்தைக் கைவிட்ட கிருமிகள் பெருகியிருக்கின்றன. நம் அரசு ஊசியில் இருப்பது முழுக் கிருமியைக் கொன்று செய்த பழைய வகை. அது ஒரே புரதத்தை நம்பி இல்லை.

இன்னொன்று முக்கியம். இந்த ஊசி நச்சைத் தடுக்கிறது, கிருமி தொண்டையில் தங்குவதை முழுதாகத் தடுப்பதில்லை. ஊசி போட்ட ஒருவர் அதைச் சுமந்துகொண்டு உங்கள் வீட்டுக்கு வரலாம். ‘ஊரில் எல்லாரும் போட்டிருக்கிறார்கள், நம் பையன் தப்பிவிடுவான்’ என்ற கணக்கு இதில் செல்லாது. சோவியத் யூனியன் உடைந்தபோது தடுப்பூசித் திட்டம் குலைந்தது. 1990களில் அந்த நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் சின்ன வயதில் மட்டும் ஊசி போட்டுப் பின்னால் விட்ட பெரியவர்கள் நிறைய. நோய் வந்தால் இன்றும் பத்துப் பதினைந்து பேரில் ஒருவர் இறக்கிறார், சிறு பிள்ளைகளில் அதைவிட அதிகம்.

உங்கள் மகனுக்கு ஆறு வயது. அரசு அட்டவணைப்படி முத்தடுப்பின் இரண்டாவது ஊக்க ஊசி ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள், விட்டுப்போனால் ஏழு வயது நிறையும்வரை போடலாம். அதற்குப் பிறகு கக்குவான் பாகம் இல்லாத ஊசிதான் கிடைக்கும். ஆகையால் தள்ளிப்போட வேண்டாம். கை வீங்கலாம், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் அவ்வளவுதான்.

அத்தையின் மாத்திரை

கிருமி எங்கோ ஆஸ்திரேலியாவில் மாறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது உங்கள் வீட்டிலேயே, அத்தையின் நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் என் கவலை. குழி விழுந்த நுரையீரலில் காசநோய்க் கிருமிகள் பத்துக் கோடிக் கணக்கில் இருக்கும். அவற்றில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியாசிட் மாத்திரைக்கும், பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் பிறக்கும்போதே அசையாததாக இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் அசையாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும். இரண்டுக்கும் ஒன்றாக அசையாத கிருமி கிடைப்பது மிக மிக அரிது. அதனால்தான் நாலு மருந்தைச் சேர்த்து ஆரம்பிக்கிறார்கள். முதல் இரண்டு மாதத்தில் வேகமாகப் பெருகுபவை சாகும், இருமல் நிற்கும், ஆளுக்குத் தெம்பு வரும். மந்தமாகக் கிடப்பவற்றைக் கொல்லத்தான் மீதி நாலு மாதம். அத்தை நிறுத்தியது நோய் தீர்ந்ததால் அல்ல, நோய் தெரியாமல் போனதால். நாலு நாள் விட்டு இரண்டு நாள் சாப்பிடுவதும், பீரோவில் கிடக்கும் இரண்டு அட்டையை முடித்துவிட்டு நிறுத்துவதும் மருந்துக்கு அசையாத வகையை நாமே பொறுக்கியெடுத்து வளர்ப்பது போலாகும். ‘உடம்பு தானே போராடட்டும்’ என்று காத்திருப்பது இன்னும் மோசம்.

ஆகவே மருந்தை மறுபடி தொடங்கும் முன் சளியை மூலக்கூறு சோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சிபிநாட், ட்ரூநாட் என்று சொல்வார்கள். ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்று சில மணி நேரத்தில் அது காட்டும். கட்டுப்பட்டால் வழக்கமான மருந்து, இல்லையென்றால் வேறு மருந்து. இரண்டுமே அரசில் இலவசம். சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், கணக்குப் புத்தகத்தை எடுத்துப்போங்கள். ஆடாதோடை இருமலைக் கொஞ்சம் தணிக்கலாம், மாத்திரையின் இடத்தை அது பிடிக்க முடியாது. அந்தக் கஷாயம் குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஈரல் சோதனை பார்க்கும்போது அவருக்கு உதவும். பீடித்தூள் இருமல் என்று நினைத்துத்தான் பீடி சுற்றும் பெண்கள் பலர் மாதக்கணக்கில் சளியைக் காட்டாமல் இருக்கிறார்கள். அத்தையோடு சேர்ந்து உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

தொழுவமும் பீடிக்கடையும்

உங்கள் கணவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இது. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களையும் ஒப்பிட்டது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. உலகமே அதற்குப் பிறகுதான் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தது. காற்றில்லாத தொழுவத்தில் ஒரு வயதானவரை ஒதுக்கினால் அவர் சாப்பாட்டையும் மருந்தையும் வெறுப்பார், அதுதான் மிஞ்சும். சரியான மருந்து ஆரம்பித்துச் சில வாரத்தில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். சோதனை முடிவு வரும்வரை ஜன்னல் உள்ள அறையில் தனியாகப் படுக்கட்டும், இருமும்போது முந்தானையால் வாயை மூடட்டும், பிள்ளைகள் பக்கத்தில் படுக்க வேண்டாம். பகலில் திண்ணையில் உட்காரலாம். தட்டும் டம்ளரும் தனியாக வைக்க வேண்டியதில்லை, இது காற்றில் பரவும் நோய்.

பிள்ளைகள் இருவரையும், உங்களையும், கொழுந்தனையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குறிப்பாக மூன்று வயது மகளை. பிசிஜி போட்டிருந்தாலும் அது சிறு பிள்ளைகளை மூளைக்காசம் போன்ற கொடிய வடிவங்களிலிருந்துதான் நன்றாகக் காக்கிறது, எல்லாவற்றிலிருந்தும் அல்ல. நோய் இல்லையென்று உறுதியானால் தடுப்பு மருந்து தருவார்கள். எந்த மருந்து என்பது அத்தையின் சோதனை முடிவைப் பொறுத்தது.

பீடிக்கடைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் அத்தைக்கு இல்லை. 2012லிருந்து காசநோயை மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது உண்மை. அது சுகாதாரத் துறையின் பதிவேட்டோடு நிற்கும். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. வீட்டில் உட்கார்ந்து சுற்றுவதானால் முதல் சில வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் தெம்பு வந்ததும் தொடரலாம், ஆனால் தூள் பறக்கும் மூடிய அறையில் வேண்டாம். இடையில் எங்காவது தடங்கல் என்றால் 1800-11-6666 என்ற காசநோய் உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கொழுந்தனோடு சண்டை வேண்டாம். படித்த பிள்ளை, கேள்வி கேட்கிற பிள்ளை. அத்தையை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள், சோதனை முடிவை மருத்துவரிடம் அவரே கேட்டு வரட்டும். மகனின் ஊசிக்கு அவர் சம்மதம் தேவையில்லை, தாயான உங்கள் சம்மதம் போதும். துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டை தொலைந்திருந்தாலும் போங்கள், செவிலியரிடம் பதிவேடு இருக்கும். போகும்போது மகளின் அட்டையையும் கையோடு எடுத்துப்போய், ஒன்றரை வயதில் போட வேண்டியதெல்லாம் போட்டாயிற்றா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.